தாண்டாத பாட்டுகள்

வாசல் கேட்டுக்கு வெளியிலேயே எழில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வேகமாக நடந்ததில் ஜாக்கெட் நனைந்து முதுகில் ஒட்டியது. வீட்டுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரத்துக்குக் கடைசிப் பாட்டு பாதிக்கு வந்திருக்க வேண்டும். அது முடிவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்றுதான் தண்ணீர்த் தொட்டி முக்கிலிருந்து ஓடாத குறையாக வந்திருந்தாள். ஆனால் உள்ளே கேட்டது கடைசிப் பாட்டு இல்லை. அவள் வரிசையில் வைக்காத பாட்டு. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நின்றாள். அந்த லைன் வீட்டில் ஐந்து போர்ஷனுக்கும் ஒரே பச்சைக் கதவுதான். நாதாங்கியைப் பார்த்தாள். வெள்ளியங்கிரி தடவிக் கண்டுபிடிப்பதற்காகக் கட்டிய சணல் கயிறு அதில் இருந்தது.

அந்தக் கதவைச் சத்தமில்லாமல் திறக்க அவளுக்குத் தெரியும். சற்றுத் தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும். செருப்பை ஓரமாக வைத்துவிட்டு ஹாலில் தன் லேப்டாப் முன் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டாள். உள்ளறையில் அவள் கணவன் வெள்ளியங்கிரி அவனுடைய கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தான். இன்னொரு காதை எப்போதும் வீட்டுக்காக வைத்திருப்பான்.

பாட்டுகள் தீரும்வரை அவன் பேசவில்லை. தீர்ந்ததும், “எழிலு,” என்றான்.

“இருக்கறனுங்க.”

“டீ வெக்கறயா கண்ணு?”

வைப்பதாகச் சொன்னாள். எழுந்திருக்கும் முன் திரையைப் பார்த்தாள். பட்டியலில் கடைசிப் பாட்டுக்கு மேலே மூன்று பாட்டுகள் புதிதாக இருந்தன.

பாட்டுகள் இருந்த டிஸ்க் ஒன்றுதான். அது அவன் கம்ப்யூட்டரில் செருகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் சேர்த்த பாட்டுகள். ஃபவுண்டரியில் சம்பளம் வாங்கிய சனிக்கிழமைகளில் உக்கடத்தில் இறங்கி, பென் டிரைவ் நிறைய ஏற்றிக்கொண்டு மதுக்கரை பஸ் பிடிப்பான். வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் படம், வருஷம், பாடியவர் என்று எழுதி, கடைக்காரன் தாறுமாறாக வைத்த பெயர்களைத் திருத்துவான். மற்ற ஆண்கள் வண்டியைத் துடைப்பதுபோல இவன் பாட்டைத் துடைத்து வைக்கிறான் என்று எழில் நினைத்துக்கொள்வாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை ஷிப்டில், ஈரம் காயாத மணல் அச்சில் ஊற்றிய உலோகம் வெடித்துத் தெறித்தது. இரண்டு கண்ணும் போயிற்று. அதற்கு முன் அவன் செய்துகொண்டிருந்தவற்றில், பழையபடியே செய்ய முடிந்தது பாட்டுக் கேட்பது ஒன்றுதான்.

பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சாமுவேல் வாரம் ஒருமுறை டவுனிலிருந்து வந்தான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை அவன்தான் ஏற்றிக் கொடுத்தான். அந்தக் குரலோடு ஒத்துப்போகிற பழைய ப்ளேயர் ஒன்றையும் போட்டான். சாம்பல் நிறக் கட்டம், அதில் வரிசை வரிசையாக எழுத்து, படம் கிடையாது, மவுஸ் வேண்டாம். வெள்ளியங்கிரி ஒரு வாரத்தில் பழகிவிட்டான். எழிலுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மருத்துவமனை ரசீது மாதிரி இருந்தது. அவள் பல் டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, டியூஷன் சென்டர்களுக்கு வினாத்தாள் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே வேலை. டைப் அடிக்கும்போது பாட்டு வேண்டும். நிறமும் படமுமாக வருகிற வேறொரு ப்ளேயரைத் தன் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டாள். வைஃபை வழியாக அது அவன் டிஸ்க்கிலிருந்தே பாட்டை எடுத்துக்கொண்டது. அவன் கம்ப்யூட்டரை அணைத்தால் இவள் பாட்டும் நின்றுவிடும்.

முதல் வாரமே ஒரு தப்பு நடந்தது. பாட்டுகளை ஒழுங்குபடுத்தட்டுமா என்று அவளுடைய ப்ளேயர் கேட்டது. ஒழுங்குபடுத்துவது நல்லதுதானே என்று அமுக்கிவிட்டாள். அது ஒரு பகல் முழுக்க ஓடி, அவன் வைத்திருந்த ஃபோல்டர்களைக் கலைத்து, தன் கணக்குக்குப் புதிய ஃபோல்டர்களில் அடுக்கி வைத்தது. மறுநாள் காலையில் வெள்ளியங்கிரி கீழ் அம்புக்குறியை அமுக்க அமுக்க, அந்தக் குரல் ‘பாட்டு இல்லை, பாட்டு இல்லை’ என்று சொல்லிக்கொண்டே போனது. அவன் கத்தவில்லை. அவளைக் கூப்பிடவும் இல்லை. எங்காவது ஒன்று இருக்கும் என்று நினைத்தவனைப்போல வரிசையின் கடைசிவரை ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்தான். மத்தியானம் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சமையலறையில் அரிசியைக் கழுவிய கையோடு எழில் நின்றுகொண்டிருந்தாள். சாமுவேல் வந்து எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோனான். பிறகு அவளை உட்காரவைத்து விளக்கினான்.

“ஒரே கெணத்துல ரெண்டு மோட்டாரு போட்டாப்பலதானுங்க அக்கா. யாரு எடுத்துவுட்டாலும் தண்ணி ஒண்ணுதான். கெணத்த மட்டும் யாரும் நவுத்தக் கூடாது.”

அதைக் கேட்டு உள்ளறையிலிருந்து வெள்ளியங்கிரி சிரித்தான். “எங்கப்பன் காலம்பூரா ஊரான் கெணத்துல மோட்டாரு எடுத்துவுட்டுப்போட்டுச் செத்தாரு சாமுவேலு. எங்க வம்சத்துக்கு இப்பத்தான் ஒரு கெணறு வாச்சிருக்குது. அதையும் இவ நவுத்திப்போட்டா பாரு.”

அவள் செய்ததைப் பற்றி அவன் பேசியது அந்த ஒரு தடவைதான். அதையும் வேடிக்கையாகச் சொல்லி முடித்துவிட்டான். இனிச் சிக்கல் வராமலிருக்கச் சாமுவேல் இன்னொன்றும் செய்தான். ஒரு பாட்டுக்கு இவள் நட்சத்திரம் போட்டால் அவன் பக்கம் தெரியும். எத்தனை முறை கேட்டது, கேட்காமல் தாண்டியது, எந்தப் பட்டியலில் வைத்தது, எல்லாமே அந்தந்தப் பாட்டோடும் டிஸ்க்கோடும் இருக்கும். இரண்டு ப்ளேயரும் படித்துக்கொள்ளும். வேண்டுமா என்று அவன் கேட்டபோது எழில்தான் வேண்டும் என்றாள். அப்போது அது நன்றாகவே இருந்தது. அவள் ஹாலில் நட்சத்திரம் போடுவாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அந்தப் பாட்டு கேட்கும். பேச ஒன்றுமில்லாத நாட்களில் அதுவே பேச்சாக இருந்தது.

வெள்ளியங்கிரி ஒருநாளும் அவளைப் போகாதே என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கடைக்குப் போய்வருகிறேன் என்றால், போயிட்டு வா அம்மணி, மெதுவா வா என்பான். அவள் தெருமுனை திரும்புவதற்குள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்பான். அவள் வரும்வரை நிற்பான். வெயிலென்றும் மழையென்றும் கிடையாது. ஒருமுறை அடுத்த போர்ஷன் சென்னியம்மாள் காய்க்கடைக்கே வந்துவிட்டாள்.

“ஏ எழிலு, உம்பட ஊட்டுக்காரரு கேட்டப் புடிச்சுட்டு நிக்கறாரு. நீ இங்க கத்திரிக்காய்க்கு வெல பேசிட்டு இருக்கற.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழிலும் சிரித்தாள். பாதிக் காயோடு திரும்பினாள். எதற்கு வெயிலில் நின்றீர்கள் என்று கேட்டால், சும்மா காத்தாட என்றான். தீய்ந்து ஆறிய கன்னத்துத் தோல் வெயிலில் பழுத்திருந்தது. அவள் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அதற்குப் பிறகு தெருவுக்குள் வண்டி வரும் நாளில் காய் வாங்கினாள். மருந்துக்கடைக்குப் போன் செய்தால் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளியே போவது என்ற ஒன்று யாரும் தடுக்காமலேயே நின்றுபோயிற்று.

வீட்டுக்குள் அவன் கூப்பிடுவான். தண்ணீர், டீ, சார்ஜர் ஒயர், வெளியே என்ன சத்தம், யார் வண்டி. சில சமயம் ‘எழிலு’ என்பான். அவள் வந்து நின்றால், ஒண்ணுமில்ல, சும்மா கூப்புட்டேன் என்பான். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிடுவான். துணி காயப்போடும்போது கூப்பிடுவான். ஒரு நாளில் தன் பெயரை இவ்வளவு முறை கேட்கிற பெண் மதுக்கரையில் வேறு யாரும் இருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றும். ஹாலில் அவளுடைய ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது மட்டும் அவன் கூப்பிடுவதில்லை. அவள் டைப் அடிக்கிறாள், கூப்பிட்டால் எழுத்து தப்பும் என்று பொறுத்துக்கொள்வான். பாட்டு நின்ற பிறகுதான் கேட்பான்.

அதை அவள் ஒரு மத்தியானம் தற்செயலாகக் கண்டுகொண்டாள். சென்னியம்மாள் வீட்டில் பீரோவை நகர்த்த ஆள் வேண்டும் என்று ஜன்னல் வழியே சைகை காட்டினாள். எழில் பாட்டை நிறுத்தாமல் போனாள். பீரோவை நகர்த்தி, பின்னாலிருந்த ஒட்டடையை அடித்து, காப்பி குடித்துவிட்டு அவசரமாகத் திரும்பியபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் கேட்டுக்கு வந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். பாட்டு ஓடினால் அவள் வீட்டில் இருக்கிறாள்.

அதற்கென்று ஒரு பட்டியல் செய்தாள். ஒன்பது பாட்டு. அதைப் போட்டுவிட்டு, கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்திவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் இல்யாஸின் பேக்கரிக்குப் போனாள். பகல் மூன்று மணிக்கு அங்கே கூட்டம் இருக்காது. முன்னால் நின்று டீ குடிக்கிற ஆண்களைத் தாண்டி உள்ளே போனால், ரொட்டித் தட்டுகள் அடுக்கிய இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும் இருந்தன. முதல் நாள் இல்யாஸ் பார்சலா என்று கேட்டான். இல்லை, உட்கார்ந்து குடிக்கிறேன் என்றாள். தனியாக ஒரு பெண் வந்து உட்கார்ந்து டீ குடிப்பதை அவன் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தான். மூன்றாம் நாள் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“டீ போடட்டுங்களா அக்கா, இல்ல சும்மா உக்காந்துட்டுப் போறீங்களா? ரெண்டும் ஒரே வெலதானுங்க.”

அவள் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு உட்காருவாள். பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்பாள். உள்ளே அடுப்பிலிருந்து சூடு வரும். யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அங்கே அவள் தன் வாழ்க்கையைப் பற்றி யோசித்தாள் என்றோ, வேறு வாழ்க்கையைப் பற்றிக் கனவு கண்டாள் என்றோ சொல்ல முடியாது. அங்கே அவள் எதையும் நினைக்கவில்லை. அதற்காகத்தான் போனாள். எட்டாவது பாட்டு முடிந்திருக்கும் என்று தோன்றியதும் எழுந்துவிடுவாள். அந்த அரை மணி நேரம் இருந்ததால் மீதி நாளை அவளால் முகம் சுளிக்காமல் கடக்க முடிந்தது. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தபோதெல்லாம் அவளுக்குப் பயமாக இருந்தது.

இப்போது அந்த ஒன்பது பன்னிரண்டாகியிருந்தது. ப்ளேயர் புதிதாக ஏதாவது செய்கிறதோ என்று முதலில் நினைத்தாள். இந்த மாதிரிப் பாட்டைக் கேட்டவர்கள் அந்த மாதிரிப் பாட்டையும் கேட்பார்கள் என்று போனில் வருவதுபோல. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது இன்னும் இரண்டு கூடியிருந்தது. அவையும் கடைசிப் பாட்டுக்கு மேலேதான் இருந்தன. கடைசிப் பாட்டு கடைசியாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. பேக்கரியில் உட்கார்ந்து சாமுவேலுக்குப் போன் செய்தாள். பட்டியலில் பாட்டு தானாகச் சேருமா என்று கேட்டாள்.

“தானா எதுவும் சேராதுங்க அக்கா. யாராச்சும் சேத்தாத்தான். அந்த லிஸ்ட்டு ரெண்டு பேருக்கும் பொதுவுலதான இருக்குது. அண்ணன் அங்கிருந்து சேத்தா உங்க பக்கம் வந்துருமுங்க.” அவன் சற்று நிறுத்திவிட்டு, தானே மேலும் சொன்னான். “போன மாசம் அண்ணன் போன் பண்ணியிருந்தாருங்க. தாண்டுனதுன்னு ஒரு எண்ணு படிக்குதே, அது என்னன்னு கேட்டாரு. பாட்ட முழுசாக் கேக்காம அடுத்ததுக்குப் போனா ஏறுற கணக்குன்னேன். உங்க லிஸ்ட்டுல அது ஏறவே மாட்டீங்குதாம். கோளாறான்னு கேட்டாரு. கோளாறெல்லாம் இல்லீங்கண்ணா, அக்கா எல்லாப் பாட்டயும் முழுசாக் கேக்கறாங்கன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“சிரிச்சாருங்க.”

எழில் போனை மேசைமேல் வைத்தாள். அவள் எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை. பல்லவி போகும், முதல் சரணம் போகும், இரண்டாம் சரணம் தொடங்கும்போதே கை அடுத்ததற்குப் போய்விடும். கல்யாணமான புதிதில் வெள்ளியங்கிரி அதற்காக அவளிடம் கோபித்துக்கொண்டிருக்கிறான். சோத்தைப் பாதியில் எடுத்தாப்பல இருக்குது என்பான். வீட்டில் ஆள் இருந்தால் பாட்டு தாண்டும். பட்டியலைப் போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து ஒரு பாட்டும் தாண்டவில்லை. அவன் கேட்டது போன மாதம். போன மாதத்திலிருந்து தினமும் மூன்று மணிக்கு, காலி ஹாலில் ஓடுகிற பாட்டை, காலி ஹால் என்று தெரிந்தே ஒரு காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் கதவைத் தூக்கிப் பிடித்துத் திறப்பதையும் கேட்டிருக்கிறான்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

“என்ற லிஸ்ட்டுல பாட்டு சேத்தீங்களா?”

அவன் ரசத்தைக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் இடம் பார்த்து வைத்தான். “வரப்ப உனக்கு மூச்சு வாங்குது கண்ணு. எதுக்கு அப்பிடி ஓடி வர்ற? அதான் சித்த எச்சா இருக்கட்டும்னு.”

அவள் கையில் சோறு உலர்ந்துகொண்டிருந்தது.

“எங்க போறேன்னு நான் கேக்கல,” என்றான்.

“பேக்கரிக்குங்க.”

“நாந்தான் கேக்கலையே.” முகம் அவள் பக்கம் திரும்பியது. சிரித்துக்கொண்டிருந்தான். “தேங்கா பன்னு வாசம்தான் ஊடு பூரா வருதே. ஒரு நாளைக்காச்சும் எனக்கொண்ணு வாங்கிட்டு வரலாமில்ல?”

எழில் சிரித்தாள். சிரிக்கவேண்டிய இடம் அது. வேறு எதற்கும் அவன் இடம் வைக்கவில்லை. பொய் சொன்னவள் அவள். பொறுத்துக்கொண்டவன் அவன். அழ வேண்டுமென்றால் கூடக் காரணம் அவன் பக்கம்தான் இருந்தது. பாத்திரம் கழுவும்போது ஒரே டம்ளரை இரண்டு முறை கழுவினாள்.

மறுநாள் மூன்று மணி தாண்டியும் அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு அறிவியல். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

“பாட்டுப் போடலையா எழிலு? மணி ஆச்சே.”

அவள் பாட்டுப் போட்டாள். இந்த முறை கதவைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அது கிரீச்சிட்டுத் திறந்து கிரீச்சிட்டு மூடியது. பேக்கரியில் டீ வந்தது. அவள் அதன் மேல் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வீட்டில் எந்தப் பாட்டு ஓடும் என்று அவளுக்குத் தெரிந்தது. முதலில் அவள் வைத்தவை. பிறகு அவன் வைத்தவை. அவன் சேர்த்தது எல்லாமே அவள் எப்போதோ ஐந்து நட்சத்திரம் போட்டவை. தேடிப் பிடித்து எடுத்திருக்கிறான். ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம் என்று அந்தக் குரலிடம் கேட்டிருப்பான். கூட்டிப் பார்த்திருப்பான். அவள் டீ குடிக்க இவ்வளவு, திரும்பி நடக்க இவ்வளவு. வரும்போது நிழலோரமாக நிதானமாக வந்தாள். மூச்சு வாங்கக் கூடாது. கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பன் இருந்தது. அவன் அதைத் தேங்காய்ப் பூ உதிராமல் தட்டுக்கு மேல் பிடித்துச் சாப்பிட்டான். நல்லாருக்குது என்றான்.

அதன்பின் அது அப்படியே நடந்தது. பட்டியல் வளர்ந்தது. இன்னைக்கு ரெண்டு சேத்திருக்கறேன், வெய்யலு எறங்கி வா என்பான். பாட்டு தீரும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். சீக்கிரம் போனால், ஏன் சீக்கிரம் வந்துட்ட, அங்க யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா என்று கேட்டான். இல்யாஸ் கேட்காமலே ஒரு பன்னைப் பார்சல் கட்டி வைத்தான். ஒருநாள் வாசலில் கோலமாவு வாங்கிக்கொண்டிருந்த சென்னியம்மாள் அவளைப் பிடித்து நிறுத்தினாள். எங்கே போய்வருகிறாள் என்பது லைன் வீடு முழுக்கத் தெரிந்திருந்தது. வெள்ளியங்கிரியே சொல்லியிருந்தான்.

“உம்பட ஊட்டுக்காரராட்ட யாரு உடுவாங்க சொல்லு. எங்கூட்லதும் இருக்குதே, கண்ணு ரெண்டும் நல்லாத்தான் தெரியுது, நான் டாய்லெட்டு போனாக்கூட எங்க போனேங்குது.”

எழில் ஆமாம் என்றாள். வேறு என்ன சொல்வது. அவன் விடுகிறான். அவள் போகிறாள். இதில் எந்த இடத்தைத் தொட்டு வலிக்கிறது என்று சொல்வாள்.

ஆடி மாதத்துக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். அவள் பாட்டைப் போட்டாள். செருப்பை மாட்டினாள். கதவைத் திறந்தாள். தெரு முழுக்க வெள்ளை வெயில். ஒரு பிளாஸ்டிக் பை வேலிக்கம்பியில் மாட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது. பேக்கரி மேசை, ஸ்டூல், டீ, அதன்மேல் படியப்போகிற ஆடை, கட்டி வைத்த பன், அத்தனையும் அங்கே தயாராக இருக்கிறது என்று நினைத்ததும் கால் எழவில்லை. உள்ளே திரும்பவும் முடியவில்லை. திரும்பினால் அவன் ‘எழிலு’ என்பான். படியில் நின்றபடி ஒரு பாட்டின் பாதியைக் கேட்டாள். பிறகு வீட்டுக்குள் காலை வைத்து, உள்ளே நின்றுகொண்டே கதவைச் சாத்தினாள். வழக்கம்போல அது கிரீச்சிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, விரல் நுனியில் நடந்து சமையலறைக்குப் போனாள். அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே, மளிகை அலமாரியை ஒட்டி ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. அங்கே நின்றாள்.

அவள் இப்போது வீட்டில் இல்லை. அது ஒரு வினோதமான ஆறுதலாக இருந்தது. சமையலறை ஜன்னல் வழியே விழுந்த வெயில் தரையில் குறுக்காகக் கிடந்தது. சுவரில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். சிலிண்டரின் ரப்பர் குழாயில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக இங்கே நின்றிருக்கிறாள். ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை. ஹாலில் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக முழுதாக ஓடின. இரண்டாவது சரணங்கள் வந்தன. சிலவற்றை அவள் இப்போதுதான் முதல்முறை கேட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

உள்ளறையில் நாற்காலி நகர்ந்தது.

வெள்ளியங்கிரி வருவது கேட்டது. சுவரைத் தடவுகிற சத்தம் இல்லை. வெறும் காலடி, அவசரமில்லாமல். ஹாலில் ஒரு கணம் நின்றான். பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். சமையலறை வாசலில் வந்து, நிலையைத் தொடாமல் உள்ளே நுழைந்தான். நேராக அடுப்புக்குப் போனான். பாத்திரக் கூடையிலிருந்து சிறிய பாத்திரத்தைச் சத்தமில்லாமல் எடுத்தான். தண்ணீர் பிடித்தான். விரலை உள்ளே விட்டு அளவு பார்த்தான். லைட்டரைத் தட்டிப் பற்றவைத்தான். தீ எரிகிற சத்தத்தைக் கேட்டுக் குறைத்தான். எதையும் அவன் தேடவில்லை. பால், டீத்தூள், வடிகட்டி, எல்லாவற்றுக்கும் கை தானாகப் போயிற்று. இந்தக் கையைத்தான் அவள் தினமும் டம்ளரைச் சுற்றி மூடி வைத்து, சூடுங்க, பாத்துங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் முகம் ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. உதடு பாட்டோடு அசைந்தது. இடுப்பைச் சொறிந்துகொண்டான். ஒரு காலை மடக்கி, மற்றக் காலின்மேல் தேய்த்தான். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று இருக்கிற முகம். அதில் பொறுமை இல்லை, அன்பு இல்லை, அவள் வரும்போது தயாராக வைத்திருக்கிற சிரிப்பு இல்லை. கல்யாணத்துக்கு முன் எங்கோ பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்திருக்கக் கூடிய யாரோ ஓர் ஆள். அந்த ஆளை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனிடம் ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தால் அவன் போய்விடுவான்.

டீ பொங்கி வந்தது. அவன் அணைத்தான். ஹாலில் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அது அவன் சேர்த்தது. இன்னும் நிறையப் பாட்டுகள் இருந்தன. அவை எல்லாம் தீரும்வரை அவள் இங்கே இல்லை.

அவன் அலமாரிப் பக்கம் திரும்பினான். சர்க்கரை டப்பா அவள் தலைக்குப் பக்கத்துத் தட்டில் இருந்தது. எழில் மூச்சை நிறுத்தினாள். கையிலிருந்த செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அவன் கை தட்டின் மறுகோடியில் தொடங்கியது. முதல் டப்பாவின் மூடியைத் தொட்டது. அடுத்ததைத் தொட்டது. ஒவ்வொரு மூடியின்மேலும் ஒரு கணம் நின்று, விரல்கள் விரிந்து, அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.